மொட்டை மாடியில் ஒரு கம்பி: ராணுவ ஷார்ட்வேவைக் கேட்கிற பொழுதுபோக்கு

(ஒலி வடிவில் வெளியான எபிசோடின் எழுத்துப் பிரதி. வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)

போன எபிசோடு கேட்டுட்டு பேரணாம்பட்டிலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கிறாராம். "அண்ணா, ஷார்ட்வேவ்ல மிலிட்டரிக்காரங்க பேசுறதை நாமளும் கேக்கலாமாமே, நிஜமா? கேட்டா போலீஸ் புடிச்சிட்டுப் போயிடுமா?"

ரெண்டு கேள்வி. முதல் கேள்விக்கு ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லிடலாம்: நிஜம்தான், கேட்கலாம். இரண்டாவது கேள்விக்குத்தான் இந்த எபிசோடு முழுக்கத் தேவைப்படுது. அதனால அவசரப்படாம கேளுங்க.

எப்படி ஆரம்பிச்சது

என்னைப் பத்தி ஏற்கெனவே சொல்லியிருக்கேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டெனன்ஸ் எலெக்ட்ரீஷியன். அம்மா பிறந்த ஊர் கம்மவான்பேட்டை. வேலூர் பக்கத்துக்காரங்களுக்கு அந்த ஊர் 'ராணுவப்பேட்டை'ன்னு சொன்னாத்தான் புரியும். வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துக்குப் போன ஊர். எங்க மாமாவும் போனார். சிக்னல்ஸ் படைப்பிரிவு. ஜபல்பூரில் பயிற்சி எடுத்து, மோர்ஸ் சாவியைத் தட்டியே பாதி சர்வீஸை ஓட்டினவர்.

ரிட்டையர் ஆகி வந்தப்போ அவர்கிட்ட ஒரு பெரிய வால்வு ரேடியோ இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இலங்கை வானொலி. பாட்டு முடிஞ்சதும் முள்ளை மெதுவா நகர்த்துவார். 'கீ... கீ...'ன்னு ஒரு சத்தம் வரும். எனக்கு அது வெறும் இரைச்சல். மாமாவோ காதைக் கொடுத்து, விரலால் தொடையில் தாளம் போட்டுக்கிட்டே, "கப்பல்காரன் வானிலை கேக்குறான்"ன்னு சொல்லுவார். இரைச்சலுக்குள்ள ஒரு மனுஷன் இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சது அப்போதான்.

பின்னாடிதான் இன்னொரு விஷயம் படிச்சேன். நாம பாட்டுக் கேட்ட அந்த இலங்கை வானொலியோட வேரே ராணுவத்தில்தான் இருக்கு. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தலைமையில் இருந்த தென்கிழக்காசியக் கட்டளை, சிப்பாய்களுக்காகக் கொழும்பிலிருந்து 'ரேடியோ சியாக்'னு ஒரு நிலையம் நடத்தினது. அதுக்காக ஏக்கலையில் 100 கிலோவாட் ஷார்ட்வேவ் டிரான்ஸ்மிட்டர் வெச்சாங்க. போர் முடிஞ்சு 1949-ல் அது இலங்கை அரசு கைக்கு வந்தது. பட்டாளத்துக்காகப் போட்ட டிரான்ஸ்மிட்டர்தான் அப்புறம் நம்ம வீட்டுத் திண்ணைகளுக்குப் பாட்டு அனுப்பியிருக்கு.

சாட்டிலைட் இருக்கும்போது இது எதுக்கு?

இந்தக் கேள்வி எல்லாரும் கேப்பாங்க. ஷார்ட்வேவ்னா 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள அலைகள். எஃப்.எம். அலை நேராப் போகும், ஏலகிரி மாதிரி ஒரு மலை குறுக்கே நின்னா திணறும். ஷார்ட்வேவ் அப்படி இல்ல. மேலே போய், பூமிக்கு மேல நூத்துக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற அயனி மண்டலத்தில் பட்டு, வளைஞ்சு, வேற எங்கயோ இறங்கும். ஒரே தாவலில் இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் போகும். அங்கே தரையிலோ கடலிலோ பட்டு மறுபடியும் எகிறும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பகலில் வெயில் அடிக்கும்போது 'டி' அடுக்குன்னு ஒண்ணு கீழே உருவாகி, தாழ்ந்த அலைவரிசைகளை உறிஞ்சிடும். அதனால பகலில் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல தேடணும், ராத்திரியில் கீழே இறங்கணும். மாமா இதை ஒரே வரியில் சொல்லுவார்: "சூரியன் மேலே, முள்ளும் மேலே. சூரியன் கீழே, முள்ளும் கீழே."

இதே அலையின் பெரிய குறை என்னன்னா, பக்கத்து ஊருக்குப் போகாது. அலை நம்ம தலைக்கு மேல தாவிப் போய் தூரத்தில் இறங்கும். நடுவில் இருக்கிற இடம் ஊமைப் பகுதி. டெல்லி தெளிவா வரும், சென்னை வராது. புதுசா கேக்கறவங்க இதுல ரொம்பக் குழம்புவாங்க.

ராணுவங்களுக்கு இது ஏன் தேவைன்னா, நடுவில் யாரும் வேண்டாம். டவர் வேண்டாம், கடலடிக் கேபிள் வேண்டாம், சாட்டிலைட் வேண்டாம். இங்க ஒரு செட், அங்க ஒரு செட், இரண்டு பக்கமும் கம்பி. சாட்டிலைட்டைச் சுட்டு வீழ்த்தலாம், கேபிளை வெட்டலாம், அயனி மண்டலத்தை யாரும் வெட்ட முடியாது. அதனாலதான் எல்லாப் பெரிய ராணுவமும் இதைக் கைவிடாம வெச்சிருக்கு. விலை என்னன்னா, உலகத்தில் யார் வேணும்னாலும் காதைக் கொடுக்கலாம். அது தெரிஞ்சேதான் அவங்க பேசுறாங்க. முக்கியமானது எல்லாம் சங்கேதத்தில்தான் போகும்.

என்னதான் காதில் விழும்?

சினிமாவில் வர்ற மாதிரி "தாக்குங்கள்"னு யாரும் கத்த மாட்டாங்க. நிஜத்தில் கேக்கறது நாலு வகை.

முதல் வகை, குரல். இதுக்குப் பேர் போனது அமெரிக்க விமானப்படையின் உலகளாவிய ஷார்ட்வேவ் வலையமைப்பு. 4724, 8992, 11175, 15016 கிலோஹெர்ட்ஸ். இந்த அலைவரிசைகள் ஒண்ணும் ரகசியமில்லை, புத்தகத்திலேயே இருக்கு. அந்த வலையமைப்பின் ஒரு நிலையம் இந்தியப் பெருங்கடலில் டியாகோ கார்சியா தீவில் இருக்கு. ஆம்பூரிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர், ஒரே தாவல். என் நோட்டில் முதல் பக்கமே 11175-தான். ஒரு ஆள் சலிப்பான குரலில் எழுத்தும் எண்ணுமா படிக்கிறார். 'ஆல்ஃபா, செவன், கிலோ'ங்கிற பாணி. முதல் ஆறு எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அப்புறம் முழுச் செய்தி. அர்த்தம் அவங்க சங்கேதப் புத்தகத்தில் இருக்கு, நமக்குச் சத்தம் மட்டும். ஆனாலும் அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

இரண்டாவது வகை, புதிர் நிலையங்கள். 4625 கிலோஹெர்ட்ஸில் ரஷ்யாவின் 'பஸ்ஸர்'. நிமிஷத்துக்குச் சுமார் 25 தடவை 'ப்ஸ்ஸ்... ப்ஸ்ஸ்...'னு, பல பத்து வருஷமா. எப்பவாவது சத்தம் நின்னு, ஒரு ஆள் ரஷ்ய மொழியில் பேரும் எண்ணும் படிப்பார். மறுபடியும் ப்ஸ்ஸ். இது ராணுவத் தொடர்பு நிலையம்னு கேக்கறவங்க எல்லாருக்கும் தெரியும். ரஷ்ய அரசு இதுவரைக்கும் விளக்கம் சொன்னதில்லை.

மூன்றாவது வகை, டிஜிட்டல். இன்னைக்கு ராணுவப் போக்குவரத்தில் பெரும்பகுதி இதுதான். ஸ்டனாக் 4285-னு நேட்டோ நாடுகளின் ஒரு முறை இருக்கு, அடுப்பில் எண்ணெய் காயுற மாதிரி விடாம இரையும். இன்னொண்ணு, இரண்டு செட்டுகள் எந்த அலைவரிசை இப்போ நல்லாயிருக்குன்னு தாங்களே பேசி முடிவு பண்ற முறை, குருவி கத்துற மாதிரி கேட்கும். சத்தத்தை வெச்சு முறையை அடையாளம் காணலாம். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது, தெரியவும் வேண்டாம்.

நான்காவது, ரேடார். அடிவானத்துக்கு அப்பால் பார்க்கிற ரேடார்கள் ஷார்ட்வேவையே பயன்படுத்தும். 1976-லிருந்து 1989 வரை சோவியத் ரேடார் ஒண்ணு 'டக்டக்டக்'னு உலகம் முழுக்க ரேடியோவைக் கெடுத்தது. 'ரஷ்ய மரங்கொத்தி'ன்னே பேர் வெச்சாங்க. அதோட ஆன்டெனா இருந்தது செர்னோபிலுக்குப் பக்கத்தில். இன்னைக்கும் ரஷ்யா, சீனா, சைப்ரஸில் இருக்கிற பிரிட்டிஷ் தளம்னு பல ரேடார்கள் ஓடுது. சில நேரம் ஹாம் ரேடியோக்காரர்களுக்கு ஒதுக்கின அலைவரிசைக்குள்ளேயே புகுந்துடும். சர்வதேச ஹாம் ரேடியோ ஒன்றியம் அதுக்காகவே ஒரு கண்காணிப்பு அமைப்பு வெச்சிருக்கு. எந்த நேரம், எந்த அலைவரிசை, எவ்வளவு அகலம்னு கேட்டவங்க எழுதி அனுப்பினா, அது முறையான புகாரா அந்தந்த நாட்டு அரசுக்குப் போகும். ராணுவ அலையைக் கேட்பதில் நேரடியான பொதுப் பயன் உள்ள வேலை இது.

இதைத் தவிர விமானங்களுக்கான வானிலை அறிவிப்பு. ராணுவம் இல்ல, ஆனா பழகுறதுக்கு இதைவிட நல்லது கிடையாது. 6676, 11387 கிலோஹெர்ட்ஸில் மும்பை, கொல்கத்தா, கராச்சி, பாங்காக், சிங்கப்பூர் எல்லாம் ஒரே அலைவரிசையை முறை வெச்சுப் பங்கிட்டுக்கும். மும்பை தன் நேரத்தில் பேசிட்டு நிறுத்தும், கராச்சி தன் முறையில் பேசும். ஒருத்தர் பேசுறப்போ இன்னொருத்தர் குறுக்கே வர மாட்டார். எனக்குப் பிடிச்ச அலைவரிசை.

நம்ம மாநிலத்தில்

"நம்ம பக்கத்தில் அரக்கோணம் இருக்கே?"ன்னு கேப்பீங்க. ஐ.என்.எஸ். ராஜாளி, கடற்படையின் விமானத் தளம், 1992-லிருந்து இருக்கு. கடலைக் கண்காணிக்கிற பி-8ஐ விமானங்கள் அங்கிருந்துதான் போகுது. ஆம்பூரிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம். அதை நான் தேடறதில்லை. ஏன்னு சட்டம் பத்திப் பேசுறப்போ சொல்றேன்.

ஆனா தமிழ்நாட்டில் யாரும் மறைக்காத ஒரு ராணுவ சிக்னல் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990-ல் தொடங்கினாங்க. இது ஷார்ட்வேவ் இல்ல, அதுக்கு நேர் எதிர்: மிகத் தாழ்ந்த அலை, 18.2 கிலோஹெர்ட்ஸ். இந்த அலை கடல் நீருக்குள்ளேயே சில மீட்டர் இறங்கும். நீர்மூழ்கிக் கப்பல் மேலே வராமலே செய்தியை வாங்கிக்கலாம்.

இதுல நமக்கு என்ன? அந்த அலை பூமிக்கும் 'டி' அடுக்குக்கும் நடுவில் ஒரு குழாய்க்குள்ள போற மாதிரி போகும். சூரியனில் ஒரு வெடிப்பு நடந்தா 'டி' அடுக்கு மாறும், உடனே இந்த சிக்னலோட வலிமை மாறும். கொல்கத்தாவில் இருக்கிற இந்திய விண்வெளி இயற்பியல் மைய விஞ்ஞானிகள் இதை வெச்சே சூரிய வெடிப்புகளையும் 2009 ஜூலை 22 சூரிய கிரகணத்தையும் ஆராய்ந்திருக்காங்க. நீர்மூழ்கிக்குப் போற செய்தியை அவங்க தொடவே இல்ல. சிக்னல் எவ்வளவு பலமா வருதுன்னு மட்டும் அளந்தாங்க. 18.2 கிலோஹெர்ட்ஸ்ங்கிறதால ஒரு கம்பிச் சுருளும் கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டும் போதும். பாலிடெக்னிக் தம்பி, உங்க ப்ராஜெக்டுக்கு இதை யோசிங்க.

ஒரு மாசம் ஏமாந்த கதை

இப்போ நான் அசடு வழிஞ்ச கதை. ரெண்டு வருஷம் முன்னாடி, டிசம்பர். ராத்திரி 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கரகர சத்தம். அகலமா, பலமா. சரியா ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வரும், ஐந்து நிமிஷம் இருக்கும், போயிடும். பத்து மணிக்கு, பதினொண்ணுக்கு, பன்னிரண்டுக்கு. விடியற வரைக்கும் அதே ஒழுங்கு. எனக்குக் கை காலெல்லாம் பரபரப்பு. இது ரேடார்தான்னு முடிவே பண்ணிட்டேன். நோட்டில் ஒரு மாசம் நேரம் குறிச்சேன். புகார் அனுப்புற படிவம்கூடத் தயார்.

ஒரு ராத்திரி பதினொண்ணு அடிச்சு ரெண்டு நிமிஷம், கரண்ட் போச்சு. தெருவே இருட்டு. என் ரேடியோ பேட்டரியில் ஓடுறது. சத்தம் அந்த நொடியே நின்னது. சீன ராணுவத்துக்கும் ஆம்பூர் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

மறுநாள் கைக்கடக்கமான ரேடியோவோட ராத்திரி நடந்து போனேன். சத்தம் பெருசாகிட்டே போய், ஒரு டேனரிச் சுவர் ஓரம் உச்சத்துக்கு வந்தது. உள்ளே தோல் சுண்ணாம்பில் ஊறுற மர டிரம்கள். ராத்திரி முழுக்க அதைச் சுத்திக்கிட்டே இருக்க மாட்டாங்க. டைமர் வெச்சு மணிக்கு ஒரு தடவை சில நிமிஷம் சுத்த விடுவாங்க. அந்த மோட்டாருக்குப் புதுசா ஒரு வி.எஃப்.டி. டிரைவ் போட்டிருக்காங்க. எர்த் சரியில்ல, ஃபில்டர் இல்ல. இருபது வருஷமா டிரைவ் மாட்டுற எலெக்ட்ரீஷியன் நான். என் தொழிலோட சத்தத்தையே அடையாளம் தெரியாம, அதை எதிரி நாட்டு ரேடார்னு எழுதி வெச்சிருக்கேன்.

பாடம் ஒண்ணுதான்: விசித்திரமான சிக்னல்னு தோணினா, முதலில் உங்க வீட்டு மெயினை அணைச்சுப் பாருங்க. அப்புறம் தெரு. அப்புறம் ஊர். சீனா கடைசி.

சட்டம் என்ன சொல்லுது

இப்போ தம்பியோட இரண்டாவது கேள்வி. ஒரு காலத்தில் பாட்டுக் கேக்கற ரேடியோவுக்கே தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டணும். பெரியவங்க வீட்டில் அந்தப் புத்தகம் இன்னும் இருக்கும். 1980-களில் அது போச்சு. ஒலிபரப்பு கேக்கறதுக்கு இன்னைக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

பேசணும்னா, அதாவது அலை அனுப்பணும்னா, ஹாம் லைசென்ஸ் வேணும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இருக்கிற டபிள்யூ.பி.சி. பிரிவு பரீட்சை வைக்குது. பன்னிரண்டு வயசுக்கு மேல யார் வேணும்னாலும் எழுதலாம். லைசென்ஸ் தேவைப்படுற வாக்கி-டாக்கியை, லைசென்ஸ் இல்லாம வாங்கி மாடியில் நின்னு பேசுறது குற்றம். 2025 மே மாசம் அனுமதியில்லாத வாக்கி-டாக்கிகளை ஆன்லைனில் வித்ததுக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினது ஞாபகம் இருக்கும்.

கேக்கறதில் கோடு எங்கே விழுதுன்னா: உங்களுக்கு இல்லாத செய்தியை இடைமறிக்கிறதும், அதை வெளியே சொல்றதும். 1885 தந்திச் சட்டத்திலிருந்தே இது உண்டு. ஹாம் விதிகளிலும் உண்டு: உனக்கு உரிமையில்லாத செய்தி தற்செயலாக் காதில் விழுந்தா, அதை யாருக்கும் சொல்லாதே. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்தப்புறம் சட்டவிரோதமா இடைமறிச்சா மூணு வருஷம் வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நம்ம ராணுவ விஷயம்னா அலுவல் ரகசியச் சட்டமும் மேல வந்து உக்காரும்.

அதனால என் வழக்கம் இது. எல்லாருக்கும் ஒலிபரப்பாகிற வானிலை, நேரக் குறி, ஹாம் பேச்சு: தாராளமா. பஸ்ஸர் மாதிரி உலகமே கேக்கற புதிர்கள்: கேப்பேன், சத்தத்தை மட்டும் குறிப்பேன். இந்தியப் படைகளோட பேச்சுன்னு சந்தேகம் வந்தா: முள்ளைத் திருப்பிடுவேன். பதிவு கிடையாது, குறிப்பு கிடையாது, நண்பர்கிட்டகூடச் சொல்றது கிடையாது. எந்த சங்கேதத்தையும் உடைக்க முயற்சி பண்றதில்லை. கம்மவான்பேட்டையில் எங்க சொந்தத்திலேயே இன்னும் ஆறு பேர் சர்வீஸில் இருக்காங்க. நான் விளையாட்டா எழுதி வெக்கிற ஒரு வரி அவங்க இருக்கிற இடத்தைச் சொல்லிடக் கூடாது.

ஏட்டய்யா வந்த நாள்

இந்த வட்டாரத்தில் 'ஒயர்லெஸ்'ங்கிற வார்த்தைக்கே ஒரு கனம் இருக்கு. ராஜீவ் கொலை வழக்கு விசாரணையில் ஒயர்லெஸ் செய்திகள் எவ்வளவு பேசப்பட்டதுன்னு நாற்பது வயசுக்கு மேல இருக்கிறவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1995-ல் வேலூர் கோட்டைக்குள்ளிருந்த சிறப்பு முகாமிலிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினாங்க. அதுக்கப்புறம் மாடியில் ஒரு கம்பி கட்டினாலே நாலு பேர் பார்ப்பாங்க.

என் மாடிக் கம்பியையும் பார்த்தாங்க. ஒரு நாள் சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருத்தரும் கூட ஒருத்தரும் வந்தாங்க. "தம்பி, இது என்ன சிக்னல் பிடிக்கிற கம்பி?" கோபமா இல்ல, விசாரிப்பாத்தான். மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். பதினைந்து மீட்டர் செப்புக் கம்பி, ஒரு ரேடியோ, ஒரு நோட்டு. அனுப்புற கருவி எதுவும் இல்லைன்னு காட்டினேன். நோட்டை நின்னபடியே ஒவ்வொரு பக்கமாப் புரட்டினார். தேதி, நேரம், அலைவரிசை, என்ன மாதிரி சத்தம். வேற ஒண்ணும் இல்ல. மாமா தன்னோட டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டினார். டீ வந்தது. கடைசியில் ஏட்டய்யா, "இலங்கை வருமா இதுல?"ன்னு கேட்டார்.

போகும்போது ஒண்ணு சொன்னார்: "கேக்கறது உன் பாடு தம்பி. கேட்டதை ஊருக்குள்ள பரப்பாத." சட்டப் புத்தகம் நாலு பக்கத்தில் சொல்றதை மனுஷன் ஒரு வரியில் சொல்லிட்டுப் போனார்.

கேக்கறவனுக்கு ஒரு மரியாதை இருந்த காலம்

வரலாற்றில் ஒரு சின்ன எட்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் ஹாம் லைசென்ஸ் எல்லாத்தையும் முடக்கினாங்க. ஆனா அதே ஆட்களில் சுமார் 1,500 பேரை ரகசியமாக் கூப்பிட்டு, வீட்டிலிருந்தே கேட்டு எழுதச் சொன்னாங்க. 'தன்னார்வ இடைமறிப்பாளர்கள்'. எழுதின தாளைப் பார்னெட் ஊரில் தபால் பெட்டி எண் 25-க்கு அனுப்பணும். பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியக் கூடாது. அந்தத் தாள்களிலிருந்து ஜெர்மன் உளவுத்துறையின் சங்கேதமே உடைஞ்சது.

நமக்குப் பக்கத்தில், கொழும்பில், பிரிட்டிஷ் கடற்படையின் ஒட்டுக்கேட்பு நிலையம் இருந்தது. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. தாக்குதல் வரப்போகுதுன்னு ஜப்பானிய ரேடியோவைக் கேட்டே முன்கூட்டித் தெரிஞ்சிருந்தாங்க, பல கப்பல்களைத் துறைமுகத்திலிருந்து வெளியே அனுப்பிட்டாங்க. ஆனா அது அரசு கேட்டுக்கிட்டதால நடந்த வேலை. 'அவங்களும் கேட்டாங்களே'ன்னு நாமளா அந்தத் தொப்பியைப் போட்டுக்க முடியாது.

இங்கேயே அண்மைக்கால உதாரணம் ஒண்ணு. 2016-ல் மேற்கு வங்கத்தில், எல்லைப் பக்கம் சந்தேகமான சங்கேதப் பேச்சு வருதுன்னு ஹாம் ரேடியோக்காரங்க கவனிச்சாங்க. ஊருக்குள்ள பரப்பல, அதிகாரிகளுக்குத் தெரியப்படுத்தினாங்க. வழி அதுதான்.

ஆரம்பிக்க என்ன வேணும்

செலவு கம்மி. எஸ்.எஸ்.பி. வசதி உள்ள ஒரு சின்ன ரேடியோ, டெக்சன் பி.எல்.-330 மாதிரி. எஸ்.எஸ்.பி. இல்லாத ரேடியோவில் ராணுவக் குரலோ ஹாம் குரலோ வாத்து கத்துற மாதிரிதான் இருக்கும். கம்ப்யூட்டர் பழக்கம் இருந்தா ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள் வாங்கலாம், சிக்னலைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒண்ணுமே வாங்க வேண்டாம்னா, நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் வெப்எஸ்டிஆரை போன் பிரவுசரிலேயே திறந்து, அங்கே இருக்கிற ஆன்டெனா வழியாக் கேட்கலாம். பஸ்ஸர் அதுல ராத்திரி நல்லா வரும்.

கம்பி: மாடியில் பத்து, பதினைந்து மீட்டர். கரண்ட் கம்பிக்குப் பக்கத்திலோ குறுக்கிலோ போகவே கூடாது, உயிர் விஷயம். இடி மழைன்னா கழட்டிடுங்க. எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், இதெல்லாம்தான் எதிரி. கரண்ட் கட் ஆன ராத்திரி மாதிரி சுகமான ராத்திரி கிடையாது.

கடைசியா, போன வருஷம் மே மாசம்

இதைச் சொல்லணுமா வேண்டாமான்னு யோசிச்சேன். சொல்லிடறேன்.

2025 மே. ஆபரேஷன் சிந்தூர் நடந்த வாரம். ராணுவ நடவடிக்கைகளை நேரலையில் காட்டாதீங்கன்னு ஊடகங்களுக்கு மத்திய அரசு அதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தது. எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாம், "உன் ரேடியோவில் என்ன வருது?"ன்னு போன் மேல போன். நான் ரேடியோவையே எடுத்து பீரோவில் வெச்சிட்டேன்.

அப்போ ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஆடியோ வந்தது. நாற்பது செகண்ட். உருதுவில் ஒருத்தர் வேகமாப் பேசுறார். நடுவில் 'ராத்திரி இறங்கும்', 'வெட் ப்ளூ ரெடி', ஒரு எண்ணிக்கை. மேலே எழுதியிருந்தது: 'ஆம்பூர் பக்கத்திலிருந்து போன ரகசிய ஒயர்லெஸ். ரேடியோ ஆட்கள் பிடிச்சது. உஷார்.' அனுப்பினவர் நம்ம ஊர்க்காரர் இல்ல, சென்னைப் பக்கம்.

நான் மூணு தடவை கேட்டேன். முதலாவது, எந்த அலைவரிசை, எந்த நேரம், எதுவும் இல்ல. நிஜமா ரேடியோ கேக்கறவன் அதைத்தான் முதலில் எழுதுவான். இரண்டாவது, ஷார்ட்வேவ் குரல்னா அலை மாதிரி ஏறி இறங்கும், பின்னாடி இரைச்சல் இருக்கும், அடித்தொண்டைச் சத்தம் வெட்டுப்பட்டிருக்கும். இதுல குரல் சுத்தமா இருக்கு, பின்னாடி பைக் ஹாரன் கேக்குது. மூன்றாவது, போர் விமானப் பேச்சுன்னு யாரோ கமென்ட் போட்டிருந்தாங்க. அது யூ.எச்.எஃப்., நேர்கோட்டில்தான் போகும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும் நானூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான். எல்லை இங்கிருந்து 1,500 கிலோமீட்டர்.

எனக்கு உருது அரைகுறை. எதிர் வீட்டு பாய்கிட்ட போட்டுக் காட்டினேன். தோல் புரோக்கர் அவர். நான் சிரிப்பார்னு நினைச்சேன். அவர் சிரிக்கல. முகம் வெளுத்துப் போச்சு. "இது லாரிக்கு சொல்ற வாய்ஸ் மெசேஜ்ப்பா. கான்பூர்லேர்ந்து லோடு ராத்திரி இறங்கும், வெட் ப்ளூ இத்தனை பீஸ் ரெடின்னு சொல்றான். நான் தினம் பத்து தடவை பேசுறது." வெட் ப்ளூன்னா குரோம் போட்டுப் பதப்படுத்தின ஈரத் தோல், நீல நிறமா இருக்கும். நம்ம ஊரில் சின்னப் பசங்களுக்கும் தெரியும். வெளியூர்க்காரருக்கு அது சங்கேதச் சொல்லாப் பட்டிருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு பாய் கேட்டார்: "இது என் குரலா இருந்திருந்தா?"

நான் குரூப்பில் எழுதினேன். யாரையும் திட்டல. மேலே சொன்ன காரணங்களை வரிசையா, வெட் ப்ளூன்னா என்னன்னு ஒரு வரி, கீழே என் பேர். நாற்பது நிமிஷம் கழிச்சு அந்த ஆடியோ டெலிட் ஆச்சு. அதுக்குள்ள இன்னும் மூணு குரூப்புக்குப் போயிருந்தது. தெரிஞ்ச ஆளுங்களைப் பிடிச்சு அங்கேயும் அதையே போட வெச்சேன்.

மறுநாள் காலையில் பாய் வழக்கம்போல வண்டியை எடுத்துக்கிட்டு மண்டிக்குப் போனார். நான் ஷிப்டுக்குப் போனேன்.

தம்பி, உங்க கேள்விக்கு என் பதில் இதுதான். கேளுங்க. நேரமும் அலைவரிசையும் போட்டு நோட்டில் எழுதுங்க. நம்ம படைகளோட பேச்சுன்னா முள்ளைத் திருப்பிடுங்க. மத்ததைக் கேட்டதையும் காதோட வெச்சுக்குங்க. ஆனா யாராவது கேக்காததைக் கேட்டதா ஊருக்குள்ள சொன்னா, அப்போ மட்டும் வாயைத் திறங்க. ஏன்னா அது பொய்யின்னு சொல்லக் கூடிய ஆள் அந்தத் தெருவில் நீங்க ஒருத்தராத்தான் இருப்பீங்க.

அடுத்த எபிசோடில் மாடியில் கம்பி கட்டுறதைப் படிப்படியாப் பேசலாம். அதுவரைக்கும் வணக்கம்.